மாசம் தவறாத இருமல்

2006 மார்ச் 6
இருமினேன், கைக்குட்டையில் ரத்தம். போன மாதமும் இப்படித்தான். செக்கிங் மேசையில் எதிரே நிற்கும் மருதாள் பார்த்துவிட்டாள். "பஞ்சுத் தூசிங்க்கா. வாழப்பழம் தின்னுங்க, இழுத்துட்டுப் போயிரும்." அருள்புரத்தில் எந்தப் பனியன் கம்பெனியிலும் இதுதான் வைத்தியம். தின்றேன். பசி போனது.

மார்ச் 7
கம்பெனி முழுக்க என்னைப் பற்றித்தான் சேதி: செல்லத்தாய்க்கு டி.பி. நான் பரப்பிய வம்புகூட இத்தனை வேகமாகப் போனதில்லை. பொறாமையாக இருந்தது.

மார்ச் 14
ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். சளியில் கிருமி இல்லையாம். எக்ஸ்ரேயும் சுத்தம். ரத்தமும் தானாக நின்றுவிட்டது. பிறகு என்னதான் இது?

ஏப்ரல் 3
மறுபடியும். நெஞ்சு வலி வேறு. யாரோடும் பேசவே அலுப்பாக இருக்கிறது — நானா இதை எழுதுகிறேன்?

ஏப்ரல் 4
டீ நேரத்தில் பெஞ்சில் எனக்கு மட்டும் தாராளமாக இடம். சூப்பர்வைசர் பெருமாள்சாமி, "இன்னொருக்கா ரத்தந் துப்புனீங்கன்னா வேலைக்கு வரவேண்டாமுங்க" என்றார். மரியாதைக்குக் குறைவில்லை.

மே 1
விலக்கான நாளில் நான் சாமி விளக்கைத் தொடுவதில்லை. என் வீட்டுக்காரர் லிங்கசாமிதான் ஏற்றுவார். இன்று ஏற்றிவிட்டு, நான் இருமுவதைப் பார்த்து முகம் வாடினார். "ஏட்டி, நான் எப்ப வெளக்கு ஏத்துனாலும் நீ ரத்தமாத் துப்புத. சாமிக்கு என் கை ஆவல போலிருக்கு."
சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றது. போன மாதமும் அவர்தானே ஏற்றினார்? அதுக்கு முந்தின மாசமும்? ஐயோ, ஒரு டாக்டரும் இதக் கேக்கலியே! நானும் சொல்லலியே!

மே 30
கோயம்புத்தூர்ப் பெண் டாக்டரிடம் முன்பே எல்லாம் சொல்லியிருந்தேன். விலக்கு வந்ததும் ஓடிவரச் சொன்னார்; இன்று ஸ்கேன். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரி ஒன்று நுரையீரலில் ஒட்டிக்கொண்டு, மாதாமாதம் அங்கேயும் கசிகிறதாம். எண்டோமெட்ரியோசிஸ். யாருக்கும் தொற்றாது. ஆறு மாதம் மாத்திரை, விலக்கே நின்றுவிடும். கேட்காவிட்டால் ஆபரேஷன்.
தெற்கேயிருந்து இங்கே பிழைக்க வந்தவள் வயிற்றில் இருப்பதும் ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போயிருக்கிறது.

ஜூன் 1
'தொற்றாது' என்று டாக்டர் எழுதிய சீட்டைப் பெருமாள்சாமி இரண்டு விரலால் வாங்கினார். வேலை இருக்கிறது.

ஆகஸ்ட் 2
விலக்கும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனால் மாத்திரையால் உடம்பு ஊதுகிறது, குரல் தடிக்கிறது, மேலுதட்டில் மீசை. மருதாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். "எங்கூட்டுக்காரருக்கே இத்தன இல்லீங்க்கா."

நவம்பர் 28
மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார். "மீசையும் மெல்ல உதிர்ந்துடும்மா."
"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போட்டும் டாக்டரம்மா. மீசைக்குப் பயந்து யாரும் பெஞ்ச விட்டு எந்திரிக்கல. இன்னும் ரெண்டு மாசத்துக்கு மாத்திர எழுதிக் குடுங்களேன்."