ஹெட்மாஸ்டரின் இடது கண்

ஞாயிறு, காலை

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே என் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது, முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது, அது எங்களுக்குள் பழைய சண்டை. மாப்பிள்ளையின் கழுத்து வலி எப்படி இருக்கிறது? கம்ப்யூட்டரை நாலு தடித்த புத்தகத்தின் மேல் தூக்கி வைக்கச் சொல், திரை கண் மட்டத்துக்கு வந்தால் கழுத்து தானாக நிமிரும். கீழ் வீட்டுத் தையல்காரி உன்னை விசாரித்தாள். போன தடவை நீ கொடுத்துவிட்டுப் போன இரண்டு சட்டைகளையும் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறாள், "இந்த அளவுக்கு இளைச்சிருந்தா அந்தப் பொண்ணு அங்க சாப்பிடுதான்னு முதல்ல கேளுங்க டீச்சரம்மா" என்றாள். காலையில் வெறும் காபியோடு ஓடாதே.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்லிவிடுவேன், விஷயம் சொல்லப்படாமலே போய்விடும். அதனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை போனில் வெயிலையும் மழையையும் பற்றித்தான் பேசப்போகிறேன், குழம்பாதே.

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்கப் போகிறேன் என்று ஒன்றரை மாதத்துக்கு முன் உன்னிடம் சொன்னேன். "நல்லதும்மா, வீட்டுல கூட ஒரு உயிர் இருந்தா எனக்கும் நிம்மதி" என்றாய். அந்த வார்த்தையைத் தையல்காரியிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரமே காப்பகத்துக்குப் போனேன். பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் இறங்கி, மரக்கடையைத் தாண்டிப் போனால் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, ஃபினாயில் வாசனை, இரண்டு பக்கமும் கூண்டுகள். வருகிறவர்கள் எல்லாரும் வாசல் பக்கத்தில் இருக்கும் குட்டிகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்குக் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து பழகிய கால், கடைசிக் கூண்டு வரைக்கும் போனேன். அங்கே பழுப்பு நிறத்தில் ஒன்பது வயது நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி இரண்டு வெள்ளை வளையம். சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் கேட்டதும் கொட்டகை முழுக்கக் கத்துகிறது, இது மட்டும் கத்தவில்லை, நிதானமாக எழுந்து ஒரே ஒரு முறை குரைத்தது. அவ்வளவுதான், அத்தனை கூண்டும் கப்சிப். அங்கே தத்துக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கும் பெண் சிரித்துக்கொண்டே, "இவருக்கு நாங்க வெச்ச பேரு ஹெட்மாஸ்டர்" என்றாள். முப்பத்து நான்கு வருஷம் ஹெட்மாஸ்டர்களுக்குப் பயந்து வேலை பார்த்தவள் நான், இனி ஒரு ஹெட்மாஸ்டரைப் பார்த்து 'உட்கார்' என்று சொல்லும் பாக்கியம் கிடைக்கிறதே என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அவருக்கு இடது கண் தெரியாது. அந்தப் பக்கமாகப் போய்த் திடீரென்று தொட்டால் பயந்து பல்லைக் காட்டுவார், கெட்ட குணம் இல்லை, தெரியாத பக்கத்திலிருந்து ஒரு கை வந்தால் யாரும் அப்படித்தான். அந்தக் காப்பகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பார்த்த உடனே நாயைக் கையில் கொடுப்பதில்லை, மூன்று முறை வரச் சொல்கிறார்கள். முதல் முறை தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், இரண்டாம் முறை கையால் ஊட்ட வேண்டும், மூன்றாம் முறை வெளியே நடத்திக் கூட்டிப்போய் வர வேண்டும். நடுவில் நம் வீட்டுத் துணி ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தால் அதன்மேல் படுத்து நம் வாசனையைப் பழகிக்கொள்ளும். என் பழைய நீலப் போர்வையில் பாதியைக் கொடுத்தேன், தையல்காரி ஓரம் அடித்துத் தந்தாள். "இதுக்கு இவ்வளவு சடங்கா?" என்று நான் கேட்டதற்கு அந்தப் பெண், "இருந்த இடத்துலேர்ந்து கிளப்பறோம் இல்லையா டீச்சர், அதுக்குப் புரியற மாதிரி சொல்லணும்ல" என்றாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. வீட்டையும் வந்து பார்த்தாள், பால்கனிக் கம்பியை ஆட்டிப் பார்த்தாள், படி ஏற முடியுமா என்று கேட்டாள், பத்தொன்பது படி, ஒரு நாளைக்கு மூன்று தடவை, வேண்டுமானால் கூட வந்து எண்ணிக்கொள் என்றேன். எல்லாவற்றிலும் தேறிவிட்டேன். படிவத்தின் கடைசி வரியில், உங்களால் முடியாமல் போனால் நாய்க்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தது. யோசிக்காமல் உன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். நீ விமானம் ஏறி வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போவாய் என்று இல்லை, என் விஷயத்தில் கடைசி வரி என்றால் என் கைக்கு உன் பெயர்தான் வரும்.

வியாழக்கிழமை மூன்றாவது முறை போனேன். பையில் புதுக் கழுத்துப்பட்டை இருந்தது. அந்தப் பெண் என்னை உள்ளே விடாமல் ஆபீஸ் அறையில் உட்காரவைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், அப்போதே எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. "உங்க பொண்ணுகிட்ட பேசினேன் டீச்சர், ரொம்ப மரியாதையாத்தான் பேசினாங்க. ஆனா நாலு மாசத்துல வீட்டை வித்துட்டு நீங்க முதியோர் இல்லத்துக்குப் போறீங்களாமே, அங்க நாய் வெச்சுக்க விடமாட்டாங்களாமே. படிவத்துல இதை நீங்க எழுதவே இல்லையே டீச்சர்?" என்றாள்.

சிட்டு, அந்த நேரத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன் கேள். என் முன்னால் இரண்டு பதில்தான் இருந்தது. எனக்கு இது தெரியாது என்றால், என் மகள் என்னிடம் மறைத்தாள் என்று முன்பின் தெரியாத ஒருத்திக்குத் தெரிந்துவிடும். அதனால், "ஆமாம்மா, மறந்துபோச்சு" என்றேன். உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள், "பரவாயில்ல டீச்சர், உங்களுக்கு இப்பல்லாம் கொஞ்சம் ஞாபக மறதின்னும் பொண்ணு சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு என் படிவத்தில் ஏதோ எழுதினாள். பாரேன், உன் பொய்யை மூட நான் சொன்ன பொய், நீ என்னைப் பற்றிச் சொன்னதற்குச் சாட்சியாகிவிட்டது. உள்ளேயிருந்து ஹெட்மாஸ்டர் ஒரு முறை குரைத்தார். என் வாசனை அவருக்குத் தெரிந்திருக்கும். நான் கழுத்துப்பட்டையோடு பஸ் ஏறினேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது ஒவ்வொன்றாகப் புரிந்தது. சுவர் ஓதத்தைப் பார்க்க ஆள் அனுப்புகிறேன் என்று போன மாதம் ஒருவரை அனுப்பினாயே, அவர் ஓதம் பிடித்த சுவர் பக்கமே போகவில்லை. எல்லா அறையையும் அளந்தார், குளியலறையைக்கூடப் படம் எடுத்தார், காலை வெளிச்சம் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று அவருக்கு இரண்டாவது டம்ளர் டீ வேறு கொடுத்தேன், என் வீட்டை விலை பேச வந்தவருக்கு. வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து, அப்பா போன மூன்றாவது மாதம் நீ என்னிடம் கையெழுத்து வாங்கிய பத்திரத்தின் நகலை எடுத்துப் படித்தேன். பாங்க் வேலைக்கு நீங்க அலைய வேண்டாம், அதுக்குத்தான் என்றாய். மூன்றாம் பக்கத்தில் வீடும் இருக்கிறது, உன் இஷ்டப்படி விற்கலாம் என்றும் இருக்கிறது. கேள்வியை முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் பேனாவை எடு என்று எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன். என் பெண் நீட்டிய தாள் என்பதால் பேனாவை முதலில் எடுத்துவிட்டேன்.

உன் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. பால் இரண்டு தடவை கருகியது உண்மை. அடுப்பை அணைக்காமல் கீழே போனது உண்மை, குளியலறையில் வழுக்கியதும் உண்மை. அதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லித்தான். சிரித்துக்கொண்டே, மகளிடம் சொல்கிற மாதிரி சொன்னேன், நீ அதையெல்லாம் எனக்கு எதிராகக் குறித்து வைத்துக்கொண்டாய். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் பயத்தை என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா?

என் வலது கட்டைவிரலில் இருக்கும் தழும்பை நீ சின்ன வயதில் தடவிக்கொண்டே தூங்குவாய். அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. ஒரே வருஷத்தில், ஒரே வகுப்பில், இரண்டு பெண்கள் ஆய்வகத்தில் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளையை உடைத்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே வந்து சொன்னாள், துடைப்பத்தைக் கொடுத்து நானும் கூட நின்று பெருக்கினேன். இன்னொருத்தி ரொம்ப நல்ல பெண், என் மேல் உயிராக இருப்பாள், டீச்சர் மனசு கஷ்டப்படுமே என்று துண்டுகளையெல்லாம் அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். ஆறு மாதம் கழித்து அங்கே கையை விட்டது நான்தான். ஏழு தையல். அவளை நான் திட்டவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்த வகுப்பில் எந்த அலமாரிக்குப் பின்னால் கை விடுவதாக இருந்தாலும் முதலில் குச்சியால் துழாவிப் பார்ப்பேன். இப்போது என் நிலைமை அதுதான், நீ முன்பு சொன்ன நல்ல வார்த்தைகளைக்கூடத் துழாவிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்தாயே, அது நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவா, இல்லை நான் எவ்வளவு மறக்கிறேன் என்று பார்க்கவா? இந்தக் கேள்வி என் மனதில் வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்தேன். அங்கிருந்த எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "என்னம்மா, பொண்ணுகூட சண்டையா?" என்றார். சண்டை இல்லை, திருத்தம் என்றேன். ரத்து செய்ததை உனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார், அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன். வேறு யார் வாயிலிருந்தும் உனக்கு இது தெரிய வேண்டாம். தெரிந்துகொள்ளும் விதம் எப்படி வலிக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

நேற்று தையல்காரியைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போனேன். அந்தப் பெண்ணிடம், "அன்னைக்கு மறந்துபோச்சுன்னு சொன்னேன் இல்லையா, அது பொய். நான் மறக்கலை. என்கிட்ட யாரும் சொல்லலை" என்றேன். வீட்டை விற்கப்போவதில்லை என்பதற்கு ரத்துப் பத்திரத்தைக் காட்டினேன். அவள் எழுந்து போய் என் படிவத்தை எடுத்து வந்து, முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கடைசி வரியைக் காட்டி, "இங்க வேற பேரு போடணுமே டீச்சர்" என்றாள். உன் பெயரின் மேல் நானே கோடு போட்டேன். ஒரே கோடுதான், அடியில் இருக்கும் எழுத்து இன்னும் படிக்கிற மாதிரித்தான் இருக்கிறது. தையல்காரி தன் பெயரை எழுதிவிட்டு, "டீச்சரம்மாவுக்கு முடியலன்னா ஹெட்மாஸ்டர் என் மெஷின் பக்கத்துல உக்காந்துக்கட்டும், எனக்கும் வேலை ஒழுங்கா நடக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். பாக்கியிருந்த மூன்றாம் முறை நடையை மரக்கடை வரைக்கும் நடத்தி முடித்துவிட்டு, ஹெட்மாஸ்டரை ஆட்டோவில் வீட்டுக்குக் கூட்டி வந்தோம்.

அவர் இப்போது மேசைக்கு அடியில், பாதிப் போர்வையின் மேல் படுத்திருக்கிறார். பத்தொன்பது படியையும் ஒவ்வொன்றாக முகர்ந்துதான் ஏறினார். நான் எழுந்தால் தலையைத் தூக்குகிறார், உட்கார்ந்தால் கீழே வைக்கிறார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த இல்லத்துக்கு நான் ஒருநாளும் போகமாட்டேன் என்று சபதம் போடவில்லை. என் கால் என் பேச்சைக் கேட்காத நாள் வரலாம். அப்போது நீ வா, ஒரு நாயைக் கூட்டிப்போக அவர்கள் செய்கிற அளவுக்காவது எனக்கும் செய். மூன்று முறை கூட்டிப்போய்க் காட்டு, அந்த இல்லத்தின் ஜன்னலோரம் உட்கார வை, அங்கே என்ன சாப்பாடு என்று ருசி பார்க்க விடு. அப்புறம் என்னைக் கேள். நான் சரி என்று சொன்னாலும் சொல்வேன்.

உன் மேல் இருக்கும் பாசம் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது, அதைத் துழாவிப் பார்க்க வேண்டியதில்லை. கோபம் போக நாளாகும், அவசரப்படுத்தாதே. நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் மனநிம்மதியோடும் இருங்கள், உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லாத விஷயம் எதுவும் சேராமல் இருக்கட்டும்.

அடுத்த விடுமுறையில் வரும்போது ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். உன் வாசனை இந்த வீட்டில் அவருக்குப் புதிது. இடது பக்கமாக வந்து தொட்டுவிடாதே. முன்னால் வந்து நில், பேரைச் சொல், என்ன செய்யப்போகிறாய் என்று கையை விரித்துக் காட்டு. அதற்கப்புறம் பயப்பட ஒன்றும் இல்லை, அவரே பக்கத்தில் வருவார்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா