பக்கத்து இருக்கை

ஞாயிறு, இரவு.

இன்று மைத்துனன் சாமுவேலோடு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருக்கும் ரேஸ் டிராக்குக்கு எங்கள் சின்னக் காரைக் கொண்டுபோனேன். டிராக்கில் நான் தனியாகத்தான் ஓட்டினேன். அவன் வேலியோரம் நின்றான். வளைவை நெருங்கும்போது, பக்கத்து இருக்கைக்கு பெல்ட் போடச் சொல்லும் மணி கத்தியது. திடுக்கிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். அந்த நொடியில் முன்னால் போன கார் சுழன்று குறுக்கே நின்றது. மயிரிழையில் தப்பினேன்.

“ஆளு ஒக்காந்தாத்தான மாமா அது கத்தும்? சீட்டுல என்னாத்த வெச்சிகினு போனீங்க?” என்றான் சாமுவேல்.

“ஒண்ணுமே வெக்கலடா.”

ஊர் திரும்பும்போது அவன் சித்தூர் வரும்வரை பின் சீட்டில்தான் உட்கார்ந்து வந்தான். அவன் இறங்கிப் போனதும், காரைப் பூட்டுவதற்கு முன் முன்பக்கத்து இடதுகதவைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.