இரட்டை ஆலமரத்தின் நடுவே

என் செல்ல மகளுக்கு,

நீ சொல்லிக்கொடுத்த எழுத்தில் அப்பா எழுதும் முதல் கடிதம்! பார், வரி எவ்வளவு நேராக இருக்கிறது!

எருமை திருடியதாகச் சிறையிலிருக்கும் உன் தம்பி, தான் திருடவில்லை என்கிறான். அதைச் சுல்தானிடம் முறையிட, அரண்மனைத் திடலில் இரட்டை ஆலமரங்களுக்கு நடுவே வெள்ளை உடுத்தி வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன்; இப்படி உட்காருபவரைச் சுல்தானே கூப்பிட்டு விசாரிப்பது இங்கே வழக்கம். மேட்டு மண்டபத்திலிருந்து அவர் பார்த்தால் நேராகத் தெரிகிற இடம் இதுதான், அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

கொஞ்சம் நிழலுக்கு நகர்ந்தேன். காவலாளி சிரித்தான்.

"தாத்தா, மரத்துக்குப் பின்னால போனா சுல்தான் கண்ணுக்கு நீ இல்லாத ஆளு. முறையீடு பொய்னு தெரிஞ்சா உனக்கும் சேர்த்துக் கசையடி. பேசாம நிழல்லயே இரேன்!"

வெயிலுக்கே திரும்பிவிட்டேன்.

மண்டபத்தில் தங்கக் குடை விரிகிறது, சுல்தான் வந்துவிட்டார். இரண்டு பேர் இறங்கி என்னை நோக்கி வருகிறார்கள்.

அம்மாவுக்குப் படித்துக்காட்டும்போது, இந்தக் கடைசி வரி கோணியிருப்பதை மட்டும் சொல்லாதே. வெயில்தான், வேறொன்றுமில்லை.

உன் அப்பா