கடல் பாட்டுக்கு இரண்டு மார்க்

ஏப்ரல் 7, செவ்வாய்

காலையிலேயே வெயில். சித்தூரில் 6.10 பஸ், திருப்பதி வரை நின்றுகொண்டே. விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடக்கம். இன்டர் இரண்டாம் வருடம் (தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ), ஆங்கிலம், ஆளுக்கு நாளொன்றுக்கு முப்பது தாள். பக்கத்து நாற்காலி சரளா, எங்கள் சர்ச் சபைக்காரி, வேறு கல்லூரி. திருத்திய தாளில் மார்க் கூட்டல் பார்ப்பது வேறொருவர்.

பன்னிரண்டாம் கேள்வி, எட்டு மார்க்: கடல் பாட்டின் அணிகளும் உணர்வும். விக்டோரியா ராணி காலத்துப் பாட்டு. முதலில் கடல் தூங்குகிறது, கடைசியில் ஒரு படகு திரும்பவில்லை. விடைக்குறிப்பு:

கடல் தூங்குவது - பெர்சானிஃபிகேஷன்
‘ஸ’ ஒலி திரும்பத் திரும்ப - அலிட்டரேஷன்
உணர்வு - முதலில் அமைதி, பிறகு துயரம்

எல்லாப் பிள்ளைகளும் ஒரே கைடை விழுங்கிவிட்டு வந்திருக்கிறார்கள். ஆறு, ஆறு, ஏழு, ஆறு. கை தானாக ஓடியது.

ஒரு தாள் மட்டும் வேறு மாதிரி. உடைந்த இங்கிலீஷ். தண்ணீர் இப்படிச் சத்தமில்லாமல் கிடந்தால் எங்கள் நைனா வலையை எடுக்க மாட்டார், கடல் தூங்கவில்லை, முதல் வரியிலிருந்தே பயம்தான் என்று எழுதியிருந்தது. அப்பாவை நைனா என்றே இங்கிலீஷ் எழுத்தில். ‘ஸ’ வருவது ஈர மணலில் வலை இழுக்கும் சத்தமாம். அணியின் பெயர் ஒன்றுகூட இல்லை. பெயர் இல்லாவிட்டால் மார்க் இல்லை என்பது விதி. ஏதோ எழுதியதற்காக இரண்டு போட்டேன்.

தக்காளி, ரின் சோப்பு வாங்க மறந்தாயிற்று.

ஏப்ரல் 8, புதன்

டீ நேரம். கூட்டல் பார்ப்பவர் பேச்சுவாக்கில் சொன்னார்: நேற்று நான் திருத்திய தாள்கட்டில் ஒரு தாள் மொத்தமே முப்பத்திமூன்று. பாஸுக்கு முப்பத்தைந்து. இரண்டு குறைந்தால் எங்கேயாவது தேடிப் போட்டு ஏற்றிவிடுவதுதான் முகாம் வழக்கம், நீங்கள் போடவில்லையே என்றார். எந்தத் தாள் என்று கேட்டேன். பன்னிரண்டாவதுக்கு இரண்டு வாங்கிய தாள். கட்டு நேற்றே சீல் வைத்துப் போய்விட்டது.



பதினோரு வருஷமாக நான் வகுப்பில் “அமைதி” என்றே சொல்லிக்கொடுக்கிறேன். கடலைப் பார்த்தது மூன்று முறை, மூன்றும் சபை டூர். அந்தப் பிள்ளை கடலோரம், சூளூர்பேட்டைப் பக்கமாக இருக்கும். பெயர் தெரியாது, ஆணா பெண்ணா தெரியாது. பாட்டைச் சரியாகப் படித்தது அது ஒன்றுதான். அதைத்தான் ஃபெயிலாக்கியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 9, வியாழன்

முகாம் சீஃபிடம் போனேன். வரதய்யபாளையத்துக்காரர், தெலுங்கில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். கட்டைப் பிரிக்கலாமா என்று கேட்டேன்.

“பிரிக்கலாம்மா. கவனமில்லாம திருத்திட்டேன்னு கைப்பட எழுதிக் குடுங்க. ஆனா அது உங்க ஃபைல்ல உக்காந்துக்கும். நீங்க கான்ட்ராக்ட் தானே?”

ஆமாம். ரெகுலர் ஆக்கும் கோப்பு ஜூனில் நகரும் என்கிறார்கள். பதினோரு வருஷம்.

பஸ்ஸில் சரளாவிடம் சொன்னேன். “நீ இன்னாத்துக்கு மருகிக்கினு கீற? பேரு தெரியாத புள்ள. சப்ளிமென்டரி எழுதிக்கினு போவுது.” நியாயம்தான். நியாயம் என்று தோன்றுவதே பிடிக்கவில்லை.

தலைவலி. மாத்திரை 1.

ஏப்ரல் 10, வெள்ளி

கடிதம் பஸ்ஸிலேயே எழுதி முடித்தேன். அரைப் பக்கம், கையெழுத்துடன். பத்து மணிக்கு சீஃப் அறை. உள்ளே இன்னும் இரண்டு பேர். கை பைக்குள், கடிதத்தின் மேல்.

“இன்னாம்மா?” என்றார்.

“எங்க மேஜைக்கு மேல ஃபேன் சுத்தல சார்” என்றேன்.

உடனே ஆள் அனுப்பினார். அரை மணியில் ஃபேன் சுற்றியது. அந்த வரிசையில் எல்லாருக்கும் சந்தோஷம். நாலு நாளாக வெந்தோம், யாருக்கும் வாய் வரவில்லை, நீதான் தைரியமாகப் போய்க் கேட்டாய் என்று சரளா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடிதம் பையிலேயே. மத்தியானம் மிச்சத் தாள்கள். பன்னிரண்டாம் கேள்விக்கு எல்லாருக்கும் ஏழு போட்டேன். ஒன்றையும் படிக்கவில்லை.