காஜா பெராங்கின் மேல் நடந்த நட்சத்திரம்

3-10-1957, வியாழன்

காலைப் பலூன் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே மேகத்துக்குள் போய்விட்டது. அதற்கு மேல் காற்று எப்படி என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஹைட்ரஜன் அடைத்துப் பலூனை விடுவது, தியோடலைட் தொலைநோக்கியின் கண்ணாடிக்குள் அதைத் துரத்துவது, அது போன போக்கை வைத்து மேல்காற்றைக் கணக்கிடுவது. இதுதான் மலாக்காவில், பத்து பெரெண்டாம் விமானத் திடலில் எனக்குச் சம்பளம் கிடைக்கும் வேலை. பாதி நாள் மேகம்தான் ஜெயிக்கிறது.

கமலவேணிக்கு ஐந்தாம் மாதம். வாந்தி இன்னும் நிற்கவில்லை. மாலையில் அவளுக்குப் புளிப்பு மாங்காய் வாங்கச் சந்தைக்குப் போனேன். எதிரே மாமனார் வந்தார். வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கடந்து போய்விட்டார். அவர் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. கல்யாணமாகி இரண்டு வருஷமாக இப்படித்தான்.

அவர்கள் பழைய மலாக்காச் செட்டிக் குடும்பம். பெயர் தமிழ், கோயில் தமிழ்க் கோயில், பேச்சு மட்டும் மலாய். மகளுக்குத் தங்களுக்குள்ளேயே மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். அவள் ரப்பர் தோட்டத்திலிருந்து படித்து வந்த என்னைக் கட்டிக்கொண்டாள். அவர் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

5-10-1957, சனி

கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து பொன்னுதுரை படியில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தார். அவர் அங்கே ரேடியோ ஆள், யாழ்ப்பாணத்துக்காரர். "சேது! ரஷ்யாக்காரன் வானத்திலை புதுச் சந்திரன் ஒண்டை விட்டிட்டான்! பூமியைச் சுத்துதாம்!"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலில் உலகத்தையே ஒரு சுற்று. நான் சைக்கிளில் காஜா பெராங் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, குளித்து, சாப்பிட்டு முடிப்பதற்குள்.

எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன். ஏன்?

7-10-1957

கோபுரத்து ரேடியோவில் கேட்டேன். இரைச்சலுக்கு நடுவில் பீப், பீப், பீப். பிறகு தேய்ந்து போயிற்று. பொன்னுதுரை ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டார். நான் திருப்பிப் பிடுங்கினேன். சின்னப் பிள்ளைகள்போல.

எத்தனை ஆயிரம் பலூன் விட்டிருப்பேன்! ஒவ்வொன்றும் ஓர் உயரத்தில் வெடித்து, கிழிந்த ரப்பராக எங்கோ விழும். இது விழவில்லை. விழாமல் சுற்றுகிறது. வரும் வழியெல்லாம் சைக்கிளில் இருந்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து சாக்கடையில் விழப் பார்த்தேன்.

14-10-1957, திங்கள்

பார்த்துவிட்டேன்.

இரவுப் பலூன் இருட்டில் தெரிவதற்காக அதில் காகித விளக்கைக் கட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இருட்டியிருந்தது. தென்மேற்கே, விமானக் கொட்டகைக்கு மேலே ஒரு நட்சத்திரம் நகர்ந்தது. விமானம் என்றால் சத்தம் வேண்டும், சிவப்பு விளக்கு வேண்டும். ஒன்றும் இல்லை. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. சொன்ன நேரத்துக்கு வேலைக்குப் போகிறவனைப்போல வானத்தின் குறுக்கே நடந்தது. தியோடலைட்டைத் திருப்பினேன், பிடிக்கவே முடியவில்லை. விட்டுவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

கையிலிருந்த பலூன் எப்போது போனதென்று தெரியாது. வடகிழக்கே அது மறைந்த பிறகு அண்ணாந்தால், என் காகித விளக்கு தனியாக மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கமலாவிடம் சொன்னேன். "பெத்துல் கா?" என்று கேட்டாள். உண்மையா, உண்மையா என்று நாலு தரம். எனக்கும் அதைத்தான் யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

(நான் பார்த்தது அந்தச் சந்திரனை அல்லவாம். அதைத் தூக்கிப் போன ராக்கெட்டின் கடைசித் துண்டு, அதுவும் பின்னாலேயே சுற்றுகிறதாம். அது பெரிது, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. இருக்கட்டும். அதுவும் மனிதன் செய்ததுதானே.)

16-10-1957

குழாயடியில் கமலா சொல்லிவிட்டாள். சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. "எப்ப வரும், எப்ப வரும்" என்று கதவைத் தட்டுகிறார்கள். பேப்பரில் போட்ட சுற்று நேரத்தை வைத்து ஆபீஸ் கணக்கு மிஷினின் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் போட்டுப் பார்த்தேன். நாளை ஏழே கால் மணி. மாரியம்மன் கோயில் திடலுக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு என்று இப்போதே தோன்றுகிறது.

பொன்னுதுரை எச்சரித்தார்: "கம்யூனிஸ்ட்காரரைப் பிடிக்கிற அவசரகாலம் இன்னும் முடியேல்லை ஐசே. ரஷ்யாக்காரன்ரை சாமானுக்குக் கூட்டம் சேர்க்கிறார் எண்டு உம்மைக் கொண்டுபோய் உள்ளுக்கை வைக்கப் போறாங்கள்."

17-10-1957, வியாழன்

வரவில்லை.

திடல் கொள்ளாத கூட்டம். பாய் விரித்து உட்கார்ந்தவர்கள், கச்சான் கடலை விற்க வந்தவன், பூசை முடிந்த பிறகு வந்து சேர்ந்த மலாய்க்காரர் சீனர் எல்லாரும். ஏழு மணிப் பூசைக்கு, முன்பே வந்திருந்தவர்கள் எல்லாரும் கோயிலுக்குள் போய்க் கற்பூரம் ஒற்றிக்கொண்டு வெளியே வந்தோம். ஏழே கால் ஆயிற்று. ஏழரை. எட்டு. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. மேகத்தின் மேல் பழி போடக்கூட வழியில்லை.

பக்கத்து வீட்டு நாகம்மாக்கா உரக்கச் சொன்னார்: "தம்பி, ரஷ்யாக்காரன் பஸ்ஸைத் தவற விட்டுட்டான் போல." அத்தனை பேரும் சிரித்தார்கள். கமலா சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா கூட்டத்தில் இல்லை. அந்த மட்டும் தப்பித்தேன். நாளைக்கு அவருக்கும் தெரியாமலா போகும்? தோட்டத்துப் பையன் வானத்துக்கே மணி குறித்தானாம் என்று—

போதும்.

18-10-1957, வெள்ளி

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வேலை முடிந்து வந்தேன். வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு. உள்ளே நாற்காலியின் நுனியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கமலா சுவரோரம் நின்று, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நேராக. மலாயில்தான் பேசினார்.

"நேற்று நீ சொன்னது வந்தது."

"வரவில்லை மாமா."

"வந்தது. நான் பார்த்தேன். கூட்டத்துக்கு வரக் கூடாது என்று என் வீட்டு வாசலிலேயே நின்றேன். கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கடல் பக்கமிருந்து வந்தது. பிந்தாங் ஜாலான். நடக்கிற நட்சத்திரம். தென்னை மரத்துக்கு மேலே போய் அந்தப் பக்கம் இறங்கிற்று."

கோயில் மணி என்றால் ஏழு மணி. நாங்கள் எல்லாரும் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரம். தலைக்கு மேலேயே போயிருக்கிறது!

"கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே அப்பா," என்றாள் கமலா. அழுகிறாளா கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை.

அவர் என்னிடம்தான் சொன்னார். "சந்தையில் உன்னைப் பொய்யன் என்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது. படி இறங்கியவர் திரும்பி, "ஏன் முன்னாலேயே வந்தது?" என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன். "கண்டுபிடி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

20-10-1957, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அது இறங்கிக்கொண்டிருக்கிறது. அவ்வளவு உயரத்திலும் மெல்லிசாகக் காற்று இருக்க வேண்டும். அது உரச உரச, வட்டம் சுருங்குகிறது. வட்டம் சுருங்கினால் சுற்றும் நேரமும் குறைகிறது. நான் எல்லாச் சுற்றுக்கும் ஒரே நேரம் போட்டேன், முட்டாள்! திங்களன்று நான் பார்த்த நேரம், வியாழனன்று மாமா பார்த்த நேரம் இரண்டையும் வைத்துத் திரும்பப் போட்டேன். பொன்னுதுரை சரிபார்த்தார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இரண்டு பேருக்கும் தோள்பட்டை விட்டுப்போயிற்று. அமெரிக்காவில் மின்சாரத்தால் கணக்குப் போடும் மிஷின்கள் இருக்கின்றனவாம், ஒரு அறை நிறைய. நாங்கள் இரண்டு நாள் அரைத்ததை அது ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடித்துவிடுமாம். "அப்ப எங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டார் பொன்னுதுரை. கேள்வியை எங்கிருந்து எடுப்பது என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டாமா என்றேன். பலூன் காற்றைச் சொல்லும், மிஷின் கூட்டிச் சொல்லும். ஏன் முன்னால் வந்தது என்று மிஷின் கேட்குமா?

இனி மாலையில் தெரியாது. விடியலில்தான். செவ்வாய் விடியல் – தீபாவளியன்று!

ஊருக்குச் சொல்லப் போவதில்லை. மாமாவிடம் மட்டும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். தலையை ஆட்டினார்.

22-10-1957, தீபாவளி

விடியும் முன்பே சந்தில் எல்லா வீட்டிலும் விளக்கு. எல்லார் தலையிலும் எண்ணெய். கமலா எனக்கு வைத்த எண்ணெய் கண்ணில் இறங்கி எரிந்துகொண்டிருந்தது. மாமா இடுப்பில் சாரோங் கைலியோடு வந்து நின்றார். அவர் தலையிலும் எண்ணெய் வழிந்தது. அமாவாசைக்கு முந்தின இருட்டு. நட்சத்திரங்கள் அப்படி இறைந்து கிடந்தன.

நான் சொன்ன நேரம் வந்தது. ஒன்றுமில்லை.

"அங்கே," என்றாள் கமலா.

வடமேற்கே, கோயில் பக்கத்து மரங்களுக்கு மேலே ஏறியது. முதலில் மங்கலாக, பிறகு பளிச்சென்று, மறுபடி மங்கலாக. மூச்சு விடுவதுபோல. புரண்டு புரண்டு போகிறது போலிருக்கிறது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். அது உச்சிக்கு வந்து, தலையைத் தாண்டி, தென்கிழக்கே இறங்கி மறையும் மட்டும் விடவில்லை.

பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். நாகம்மாக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு சந்தின் நடுவில் அண்ணாந்து நின்றார். "அம்மாடி... அம்மாடி..." அவ்வளவுதான் அவர் வாயிலிருந்து வந்தது. யாரோ ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார்? எனக்கும் கை கூப்பத் தோன்றியது. நரகாசுரனும் இல்லை, தெய்வமும் இல்லை. எங்கோ ஒரு பட்டறையில் என்னைப்போல ஒருவன் திருகாணி முடுக்கிய தகரம். அதுதான் என்னை உலுக்குகிறது. தெய்வம் செய்திருந்தால் இவ்வளவு ஆச்சரியமில்லை.

மாமா இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். "மனிதன் செய்ததா? வெறும் மனிதனா?"

"வெறும் மனிதன்தான் மாமா."

"அப்படியென்றால் ஒரு நாள் ஆளும் போவான்."

"போவான். நிலாவுக்கே போவான்."

அவர் கமலாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு, மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்டார்: "நம்ம வீட்டுப் பிள்ளை போகுமா?"

நம்ம வீட்டுப் பிள்ளை. கமலா உள்ளே ஓடிவிட்டாள்.

என் சட்டைக் கையில் அவருடைய நாலு விரல்களின் எண்ணெய் அப்படியே இருக்கிறது. துவைக்கப் போட மனம் வரவில்லை.

5-11-1957

இன்னொன்று விட்டிருக்கிறார்கள். உள்ளே ஒரு நாய். கமலா கேட்டாள், திரும்பி வருமா என்று. வராதாம். அவள் இரவு சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. இவ்வளவு பெரிய காரியம், அதற்குள் ஒரு வாயில்லாப் பிராணி தனியாக. இரண்டும் சேர்ந்துதான் போகுமா?

மாமா சொன்னார், "அடுத்த தடவை திரும்பி வரும் வழியையும் கணக்குப் போடட்டும்."

3-12-1957

நாங்கள் பார்த்த ராக்கெட் எரிந்து விழுந்துவிட்டதாம். எங்கே என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். துக்க வீட்டுக்குப் போய் வந்ததுபோல் இருக்கிறது. இறங்குகிறது என்று கணக்குப் போட்டவனே நான்தானே, பிறகு ஏன்?

11-1-1958

சிங்கப்பூர்த் தலைமை ஆபீசுக்கு வரச் சொல்லிக் கேட்கிறார்கள். வானிலைக் கணக்கையெல்லாம் இனி அட்டையில் ஓட்டை போட்டு மிஷினில் கொடுக்கப் போகிறார்களாம். பழக ஒரு ஆள் வேண்டும். மார்ச்சில் தொடங்கி மூன்று மாதம். பொன்னுதுரை, "போம், யோசியாதையும்," என்கிறார். பிள்ளை பிறக்கிற நேரத்தில் எப்படி? முடியாது என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை.

16-2-1958

பெண் குழந்தை. கமலா நலம். மாமா குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

சீதா என்று வைத்திருக்கிறோம்.

1-3-1958, சனி

திங்கள் காலை சிங்கப்பூருக்கு பஸ். மிஷின் எப்படி இருக்கும்? சத்தம் போடுமாம். எனக்குப் பயமாகவும் இருக்கிறது, போய் அதன் முன்னால் நிற்கும்வரை பொறுக்கவும் முடியவில்லை.

இன்று சாயங்காலம் மாமா தன் பாயையும் தலையணையையும் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் திரும்பி வரும்வரை இங்கேதானாம். யாரும் அழைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கமலா உள் அறையில் இடம் ஒதுக்கினாள். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டு வராந்தாவின் ஓரத்தில் விரித்துக்கொண்டார்.

"பனி பெய்யும் அப்பா," என்றாள்.

"உள்ளே படுத்தால் மேலே ஓடுதான் தெரியும்," என்றார்.