பாதியில் நிற்கும் ஊசி

மார்ச் 4, செவ்வாய்
பாலத்து ஏற்றத்தில் இன்றும் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொதிக்கிறதாம். பக்கத்திலிருக்கும் சூட்டு ஊசியோ பாதியைத் தாண்டவில்லை. இரண்டில் ஒன்று பொய். இருபத்தைந்து வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இரண்டே இருக்கை. மனைவியின் தம்பியிடமிருந்து வாங்கி இருபது நாள்கூட ஆகவில்லை.

மார்ச் 5, புதன்
மைத்துனனுக்குப் போன் போட்டேன். விளக்கு எரிகிறது என்றேன். "தெரிஞ்சுதானே மாமா வாங்கினீங்க?" என்றான்.

என்ன தெரியும் எனக்கு? திமிரா? மனைவி தம்பிக்குப் பரிந்து பேசுவாள் என்று பார்த்தேன். அவளோ மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 6
மெக்கானிக் பானட்டைத் திறக்கும் முன்பே ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினையே பிரிக்கவேண்டும் என்கிறார். இவரைக் காட்டிவிட்டவனும் மைத்துனன்தான். கூட்டுக் களவாணிகள். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 7
கூலன்ட் குறையவில்லை. கீழே சொட்டு இல்லை. ஃபேன் சுற்றுகிறது. பின்னே?

மார்ச் 8, சனி
காலையில், ஆறிக் கிடந்த வண்டியில் சாவியைத் திருப்பினேன். ஊசி உடனே பாதிக்கு ஏறி நின்றது. ஆறின இன்ஜினுக்கு ஏது பாதிச் சூடு?

ஊசியின் கம்பியைத் தொடர்ந்து போனேன். அது சூட்டை அளக்கும் சென்சாருக்கே போகவில்லை. சின்னதாக ஒரு ரெசிஸ்டரை ஒட்டவைத்து, கறுப்பு டேப் சுற்றி, உள்ளே செருகியிருக்கிறார்கள். எவ்வளவு கொதித்தாலும் ஊசி பாதியில்தான் நிற்கும். சிவப்பு விளக்குக்குத் தனி சென்சார், அதை விட்டுவிட்டார்கள்.

தானாக நடக்கிற காரியமா இது? அக்கா புருஷனுக்கே குழி பறிக்கிறானே!

அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கிக் கொண்டுபோய் மனைவி முன் வைத்து, உன் தம்பியின் கைவேலையைப் பார் என்றேன்.

"அவன் செய்யல. அவன் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கு. வண்டி சூடேறுது, மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடு அக்கான்னான். சொல்லிட்டேன்னு அவன்கிட்ட பொய் சொன்னேன்."

ஏன் என்று கேட்டேனா, நினைவில்லை. அவளே சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில படுத்து எழுந்து வந்த அப்புறம் நீங்க சிரிக்கவே இல்ல. அந்த வண்டியில ஏறி உக்காந்தப்பதான் சிரிச்சீங்க."

கோபப்படலாம் என்று பார்த்தேன். எதன்மேல் படுவது? உண்மையைச் சொல்லியிருந்தாலும் வாங்கியிருப்பேன்.

மார்ச் 9
மைத்துனனைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அடுத்த ஞாயிறு வா என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 16, ஞாயிறு
வந்தான். ரேடியேட்டரைக் கழற்றினோம், பாதிக் குழாய்கள் களிம்பேறி அடைத்துக் கிடந்தன. வேறொன்று மாட்டி, ஊசியின் கம்பியைச் சென்சாரில் சேர்த்தோம். நான் அவனைச் சந்தேகப்பட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். "அந்த ஸ்பானரை எடுங்க மாமா" என்றான். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல.

ஓட்டிப் பார்க்கவேண்டும். ஆள் மூன்று, இருக்கை இரண்டு. சாவியை அவனிடம் கொடுத்து, அக்காவை ஏற்றிக்கொண்டு போ என்றேன். வாசலில் நின்று கையசைத்தேன்.