சொல்லிக்கொண்டுதான் வந்தேன்

ஃப்ரீமான்ட், நவம்பர் 2001

கண்ணு மாறனுக்கு,

நீ டெக்சாஸிலிருந்து திரும்பினதும் யாராவது சொல்வார்கள். அதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன். எதிர்வீட்டு ஆப்கான்காரி ஜர்மினா வீட்டுக்குப் போனேன். இந்த நாட்டு விமானங்கள் போட்ட குண்டில் காபூலில் அவள் தம்பி போய்விட்டான்.

"கிரீன் கார்டு வர்ற நேரம்மா, ஆப்கான்காரங்கன்னாலே இப்ப சந்தேகப்படறாங்க, அந்த வீட்டுப் பக்கம் போகாதே" என்றாய். மறக்கவில்லை.

ரசம் சாதம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் நாம் போயிட்டு வரேன் என்று சொல்ல மாட்டோமே, அதனால் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட்டேன். சாயங்காலம் அவள் மகள் நம் வாசலில் வந்து நின்று இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். உன் பெண்டாட்டிதான் சொன்னாள்: "அத்தை, சொல்லிக்காம எழுந்து போயிட்டீங்களே, நீங்களும் எங்களப் பாத்து பயந்துட்டீங்களான்னு கேக்கறா."

எனக்கு என்ன பயம்? உங்கப்பா காபூல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ரஷ்யாக்காரனை விரட்ட வெளிநாட்டுத் துப்பாக்கி வாங்கினவர்கள், அவன் போனதும் நாற்காலிக்காக அடித்துக்கொண்டார்கள். ஒருவன் மதம் என்றான், ஒருவன் இனம் என்றான். ராக்கெட் உங்கப்பா மேல் விழுந்தது. நாம் யாரும் போக முடியவில்லை. பிணத்தைப் புதைக்கிற அந்த ஊர்க்காரர்கள்தான், இவரை எரிக்க வேண்டும் என்று குண்டுக்கு நடுவில் விறகு தேடினார்கள்.

அதனால் உடனே மறுபடி போனேன். ஜர்மினா கையைப் பிடித்துக்கொண்டு, சொல்லக்கூடாததைச் சொன்னேன்: "போயிட்டு வரேன்."

சொன்ன பிறகு போகாமல் இருக்க முடியாது. நாளைக்கும் போவேன். கார்டு வராது என்றால் என்னை ஊருக்கு அனுப்பிவிடு. அதுவரை எதிர்வீட்டில்தான் இருப்பேன், அங்கே வந்து கூப்பிடு.

உன் அம்மா